சோப்புக்கும் போகாதது

அந்தப் பூப்பண்ணையில் முதலாளிக்குப் பயப்படாதவர்கள் உண்டு. மேனேஜரைக் கண்டால் சிரித்துக்கொண்டே நகர்ந்துவிடுகிறவர்கள் நிறையவே உண்டு. சோப்பு அக்காவுக்குப் பயப்படாத ஒரே ஒரு ஆளைக் காட்டுங்கள் பார்ப்போம். மாலையில் மருந்தடிக்கிற ஆட்கள் குளித்துவிட்டு வெளியே வரும்போது குளியலறை வாசலை மறித்துக்கொண்டு நிற்பாள். "நகத்தைக் காட்டு. கழுத்துக்குப் பின்னால தேச்சியா? காதுல நுரையே படல போலிருக்கே, போ உள்ள." பேரன் எடுத்த மீசைக்காரர்கள் பள்ளிக்கூடப் பிள்ளைகள் மாதிரி கையை நீட்டிக்கொண்டு நிற்பார்கள். யாராவது நைசாக நழுவினால் கேட் வரைக்கும் துரத்திப் போவாள். "வீட்டுக்குப் போனதும் புள்ளையைத் தூக்குவியா மாட்டியா? தூக்குவேல்ல? அப்ப வா, வந்து மறுபடி குளி" என்பாள்.

மருந்து அறைக்கு அவள்தான் பொறுப்பு. பூக்களை அடுக்கிக் கட்டும் பேக்கிங் கொட்டகையைத் தாண்டி, கிணற்றுக்கு எட்டாத தூரத்தில், தகரக் கதவு போட்ட ஒற்றை அறை. உள்ளே பகல் முழுக்க ஃபேன் ஓடும். பொடியெல்லாம் மேல் தட்டில், தண்ணியாக இருப்பதெல்லாம் கீழ்த் தட்டில். மேலே இருந்து ஒழுகினால் மற்றதன்மேல் விழுமே, அதனால். சிந்தினால் போட ஒரு வாளி மணல், கண் கழுவ ஒரு குழாய். அந்த அறைக்குள் டீ கிளாஸோடு நுழைந்த ஒரு சூப்பர்வைசர் டீயும் கிளாஸும் இல்லாமல்தான் திரும்பினார். ஊரே அதை மருந்து என்றுதான் சொல்லும். அவள் மட்டும் விஷம் என்பாள். கேட்டால், "பூச்சிகிட்ட போய்க் கேளு, மருந்தா விஷமான்னு" என்பாள்.

சும்மா சொல்லக்கூடாது, தொல்லைதான். காலி குளிர்பான பாட்டிலில் கொஞ்சம் ஊற்றித் தரச் சொல்லி யாராவது வந்துவிட்டால் போதும், அன்றைக்கு அந்த ஆளின் ஏழு தலைமுறையும் பேச்சு வாங்கும். பண்ணை வேனை ஓட்டுகிற அவள் வீட்டுக்காரர், "எனக்குக் கட்டின நாள்லேருந்து தெரியும், இவகிட்ட முகத்தைக் காட்டறதுக்கு முன்னாடி கையைக் காட்டணும்" என்று சொல்லிச் சிரிப்பார். அவளும் சிரிப்பாள். கையைப் பார்த்துவிட்டுத்தான் சிரிப்பாள்.

இந்தப் புத்தி அவளுக்குப் பிறவியிலேயே வந்ததல்ல. முதலில் அந்தப் பண்ணையில் அவள் துணி துவைக்கிறவளாகத்தான் சேர்ந்தாள். மருந்தடிக்கிறவர்களின் சட்டை பேன்ட்டை வெறுங்கையால் தேய்த்து, பிழிந்து, காயப்போட்டு, மடித்துக் கொடுப்பாள். ஒருநாள் பட்டப்பகலில் வீட்டுக்கு வந்து, "ஏன் இப்படி இருட்டுல உக்காந்திருக்கீங்க, லைட்டைப் போட்டா கரண்டு தீர்ந்திடுமா?" என்று எல்லோரையும் ஒரு பிடி பிடித்தாள். வெயில் ஜன்னல் வழியாகப் பாயில் விழுந்து கிடந்தது. வீட்டில் எல்லோரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். டாக்டரம்மா டார்ச் அடித்துப் பார்த்தபோது கண்மணி இரண்டும் கடுகாகச் சுருங்கியிருந்தன. "என்ன வேலை பார்க்கறீங்க?" என்பதுதான் அவர் கேட்ட முதல் கேள்வி. துணியில் இருந்த விஷம் கைத்தோல் வழியாகவே உள்ளே போகும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. குணமாகித் திரும்பியவள் நேரே மேனேஜரிடம் போய் நீளமான ரப்பர் கையுறை கேட்டாள், பிறகு சோப்பு கேட்டாள், பிறகு குளியலறை கேட்டாள். அவள் வாயை மூட வழி தெரியாமல் அறைச் சாவியையே கொடுத்துவிட்டார்கள் என்று சொல்வார்கள். எப்படியோ, அதற்குப் பிறகு அந்தப் பண்ணையிலிருந்து யாரும் மயங்கி ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை. அவள் தம்பி போகும்வரைக்கும்.

தம்பி அவள் இடுப்பில் தூக்கி வளர்த்த பிள்ளை. மருந்தடிக்கும் ஆட்களுக்கு அவன்தான் மேஸ்திரி. வேலையில் புலி, பொறுமையில் பூஜ்யம். அவன் பெண்டாட்டி பேக்கிங் கொட்டகையில் வேலை பார்த்தாள். அதிர்ந்து பேசாத பெண். கல்யாணமாகி வருஷங்கள் ஓடியும் குழந்தை இல்லை. வருகிறவர் போகிறவரெல்லாம் அதைக் கேட்பார்கள். "அவ வயித்தைப் பத்திப் பேசற வாய்க்கும் சோப்பு வச்சிருக்கேன், யாருக்கு வேணும்?" என்று அக்கா ஒருநாள் சாப்பாட்டு வேளையில் எழுந்து நின்று கேட்டதிலிருந்து கொட்டகைக்குள் அந்தப் பேச்சு நின்றது. நாத்தனார் என்றால் பெண்களுக்குப் பொதுவாக இருக்கிற பயம் அந்தப் பெண்ணுக்கு இருந்ததில்லை. அண்ணி சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்பது அவள் நினைப்பு.

முதுகில் மருந்து டேங்க் சுமந்து சுமந்து தம்பிக்கு இடுப்பு வலி. பெண்டாட்டி தன் காசில் அவனுக்கு அகலமான தோல் பெல்ட் ஒன்று வாங்கித் தந்திருந்தாள். அதைக் கட்டினால்தான் நிமிர்ந்து நடக்கவே முடிகிறது என்பான்.

அன்றைக்குப் பூ லாரி சீக்கிரமே வந்துவிட்டது. ரோஜாச் செடியில் சிலந்திப்பேன். தம்பி டேங்கை நிரப்பும்போதே மூடியின் வாஷர் கிழிந்திருந்ததைப் பார்த்தான். அக்காவிடம் போனால் டேங்கைப் பிடுங்கி வைத்துக்கொண்டு பாட்டுப் பாடுவாள். யார் கேட்டுக்கொண்டிருப்பது? ஒரு பிளாஸ்டிக் கவரைக் கிழித்து மூடிக்கு அடியில் வைத்துத் திருகிக்கொண்டு பசுமைக்குடிலுக்குள் போனான். வெக்கை தாங்காமல் காப்புடையின் கழுத்துப் பட்டியையும் தளர்த்திவிட்டிருந்தான். ஒவ்வொரு எட்டுக்கும் டேங்க் தளும்ப, மருந்துத் தண்ணி கழுத்து வழியாக முதுகில் இறங்கியது. "ஈரமாத்தான் இருந்துச்சு, வேர்வைன்னு நெனச்சேன்" என்று பின்னால் சொன்னான். வேர்வைக்கும் விஷத்துக்கும் வித்தியாசம் தெரியாத மேஸ்திரி!

குடிலுக்கு வெளியே வந்தவன் குடிகாரனைப் போலத் தள்ளாடினான். வாயிலிருந்து எச்சில் கொட்டியது, கண்ணிலும் மூக்கிலும் தண்ணீர். கன்னத்துச் சதை தானாகத் துடித்தது. பக்கத்தில் இருந்தவர்கள் தாங்கப் பாய்ந்தபோது, "வெறுங்கையோட எவனும் தொடக்கூடாது!" என்று ஒரு சத்தம் வந்தது. முகமூடியும் முழங்கை வரைக்கும் கையுறையுமாக அக்கா ஓடி வந்துகொண்டிருந்தாள். மற்றவர்களைக் குடிலிலிருந்து வெளியேறச் சொன்னாள். கையுறை போட்ட இரண்டு பேரை விட்டுத் தம்பியைக் காற்றடிக்கும் பக்கத்துக்கு இழுத்துப்போகச் செய்தாள். கத்தரிக்கோலை எடுத்து உடையை மேலிருந்து கீழ்வரை வெட்டினாள். பெல்ட்டைக் கொக்கி கழற்றி உருவினாள். சட்டை, உள்ளாடை ஒன்றும் மிச்சமில்லை. கூடப் பிறந்தவன் அத்தனை பேர் முன்னால் பிறந்தமேனியாகக் கிடந்தான், அதைப் பற்றி அவளுக்கு ஒரு கவலையும் இல்லை. ஹோஸைத் திறந்துவிட்டு, சோப்பு போட்டு, தலைமுடி, காது, அக்குள், நகக்கண் என்று கழுவிக்கொண்டே இருந்தாள்.

ஒருத்தர் பாலை எடுத்துக்கொண்டு ஓடி வந்தார், இன்னொருத்தர் விரலை விட்டு வாந்தி எடுக்க வைக்கலாம் என்றார். "மூச்சுக்குழலுக்குள்ள போய் அடைச்சுச் சாகணுமா? வாயில எதையும் ஊத்தாதீங்க. ஒருக்களிச்சுப் படுக்க வைங்க. எச்சிலைத் துடைச்சு விடுங்க. துடைக்கிற துணியை இதோ இந்த மூட்டைல போடுங்க." வெட்டிய துணி, கழற்றிய பெல்ட் அத்தனையும் பிளாஸ்டிக் மூட்டைக்குள் போனது.

அப்போதுதான் பேக்கிங் கொட்டகையிலிருந்து தம்பி பெண்டாட்டி தலைவிரிகோலமாக ஓடி வந்தாள். புருஷன் நுரை தள்ளிக் கிடப்பதைப் பார்த்தவள் அப்படியே அவன்மேல் விழப் போனாள். அக்கா முழங்கையால் ஒரு தள்ளு தள்ளினாள். அந்தப் பெண் சேற்றில் போய் விழுந்தாள். "தொட்டே, கையை ஒடிச்சிடுவேன்! நீயும் விழுந்தா யாரைத் தூக்கறது நான்?" எழுந்து வந்தவளை மறுபடியும் தள்ளினாள். நல்ல நேரத்திலேயே நாலு பேர் பார்க்க நாத்தனார் தள்ளிவிட்டால் எந்தப் பெண்ணுக்கும் பொறுக்காது. புருஷன் உயிருக்குப் போராடும்போது தள்ளிவிட்டால்? அந்தத் தள்ளு எத்தனை பெரிய காரியம் என்று அப்போது யாருக்கும் புரியவில்லை. எத்தனை பேர் வீட்டில் காப்பாற்றப் போனவர்களும் சேர்ந்து படுத்திருக்கிறார்கள்!

வீட்டுக்காரர் வேனைக் கொண்டுவந்து எல்லா ஜன்னலையும் இறக்கிவிட்டார். மருந்தின் அட்டைப்பெட்டியை ஒரு பைக்குள் போட்டு எடுத்துக்கொண்டு ஏறினாள் அக்கா. வழியிலேயே போன் போட்டு மருந்தின் பேரை எழுத்துக் கூட்டிச் சொன்னாள். அவர்கள் போய்ச் சேர்வதற்குள் ஆஸ்பத்திரியில் விஷத்தை முறிக்கும் அட்ரோபின் ஊசியை எடுத்து வைத்துக்கொண்டு காத்திருந்தார்கள். "லேபிளோட வந்தீங்க, கழுவிக் கொண்டுவந்தீங்க. பாதி வேலையை நீங்களே முடிச்சிட்டீங்க" என்றார் டாக்டர்.

ஊசி ஏற ஏற நெஞ்சில் கரகரத்த சத்தம் அடங்கியது. ஆனால் தம்பிக்குப் புத்தி கொஞ்சம் பிசகியது. சுழலாத ஃபேனைப் பார்த்து, "லாரியை ஓரமா எடுய்யா" என்று அதட்டினான். அது ஊசியின் வேலை, தெளிந்துவிடும் என்று நர்ஸ் சொன்ன பிறகுதான் பெண்டாட்டிக்கு அழுகை நின்றது. சில நாளில் எழுந்து உட்கார்ந்து சண்டை போட ஆரம்பித்தான், வீட்டுக்கு அனுப்பினார்கள். தோலில் மருந்து படும் வேலையே கொஞ்ச காலம் கூடாது என்பது கண்டிப்பு. அக்கா அதையும் தாண்டி, அவன் பண்ணைக் கேட்டையே மிதிக்கக்கூடாது என்று சொல்லிவிட்டாள். மூட்டையை விஷக்குப்பை அள்ளுகிற வண்டியில் தானே ஏற்றிவிட்டாள். அதை அவிழ்த்துப் பார்க்கவில்லை. விஷ மூட்டையை ஒருபோதும் அவிழ்க்கக்கூடாது என்பது அவளே போட்ட சட்டம்.

அதற்குள் வீட்டில் வேறொரு சேதி. தம்பி பெண்டாட்டிக்குக் காலையில் எழுந்தால் குமட்டல், தலை கிறுகிறுப்பு. நாளும் தள்ளிப் போயிருந்தது. "என்னம்மா, விசேஷமா?" என்று பக்கத்து வீட்டுக்காரி கேட்டபோது அவள் இல்லை என்று சொல்லவில்லை. புருஷன் பிழைத்து வந்த கையோடு இப்படி ஒரு சேதியா என்று வீடே பூரித்துப்போனது. அக்காவுக்குக் கால் தரையில் படவில்லை. உலகத்தில் யாருக்குத் தலைவலி வந்தாலும் கண்ணைக் காட்டு, நகத்தைக் காட்டு என்கிறவள், அந்தப் பெண் வாந்தி எடுத்தபோது மட்டும் முதுகைத் தடவிக்கொடுத்துச் சிரித்தாள். டாக்டரிடம் இரண்டு நாள் கழித்துப் போகலாம், நிதானமாகப் போகலாம் என்றும் சொன்னாள்.

அந்த இரண்டு நாளுக்குள் தம்பி மறுபடி விழுந்தான்.

பண்ணைப் பக்கமே போகாதவன். வீட்டு வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தவன். அதே எச்சில், அதே துடிப்பு. மறுபடி அதே வேன், அதே கட்டில், அதே ஊசி. டாக்டர் வெளியே வந்து, "உடம்பு இன்னும் பழைய அடியிலேருந்தே மீளல. எங்கேருந்து படுதுன்னு கண்டுபிடிக்காம வீட்டுக்கு அனுப்ப மாட்டேன். மூணாவது தடவை வந்தா என்னால உறுதி சொல்ல முடியாது" என்றார். பண்ணையில் வாய்கள் சும்மா இருக்குமா? அக்காவின் உடம்பிலிருந்தே தம்பிக்கு விஷம் போயிருக்கும், ஊருக்கு உபதேசம் செய்கிறவள் தன் கையைக் கழுவினாளோ என்னவோ என்று பேசினார்கள். அவளுக்கே அந்தச் சந்தேகம் வந்தது. தன் புடவை, தன் செருப்பு, தம்பி வீட்டுப் பாய், தலையணை, வாளி, துண்டு என்று ஒவ்வொன்றாக எடுத்து வெளியே போட்டாள். ஒன்றும் பிடிபடவில்லை.

பிடி கொடுத்தது அவன் உடம்புதான். டாக்டர் போர்வையை விலக்கிச் சோதித்தபோது அக்கா பக்கத்தில் நின்றிருந்தாள். மற்ற இடமெல்லாம் அடங்கியிருக்க, இடுப்பைச் சுற்றி மட்டும் ஒரு பட்டை அகலத்துக்குச் சதை துடித்துக்கொண்டிருந்தது. அங்கே மட்டும் முத்து முத்தாக வேர்த்திருந்தது. "இந்த இடத்துல என்ன கட்டியிருந்தார்?" என்று கேட்டார் டாக்டர்.

அக்கா திரும்பிப் பார்த்தாள். தம்பி பெண்டாட்டி கட்டிலுக்கு அடியில் இருந்த பையைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

முதல் தடவை ஆஸ்பத்திரிக்கு ஓடிய அன்றைக்கு, தன் பையை எடுக்கக் கொட்டகைக்குத் திரும்பியவள், குழாயடியில் கிடந்த மூட்டையிலிருந்து பெல்ட்டை மட்டும் உருவி எடுத்துப் போயிருக்கிறாள். நல்ல பெல்ட், அவள் வாங்கித் தந்தது, அது இல்லாமல் அவனால் நடக்க முடியாது. மறுபடி விழுந்த அன்று காலையிலும் அதைக் கட்டிக்கொண்டுதான் அவன் வாசலில் போய் உட்கார்ந்தான். வேனில் ஏற்றும்போது யார் கண்ணிலும் படாமல் சட்டைக்கு உள்ளே இருந்ததை ஆஸ்பத்திரியில் நர்ஸ் கழற்றிக் கட்டிலுக்கு அடியில் பையில் போட்டிருந்தார்.

"கழுவிட்டேன் அண்ணி" என்றாள். "சோப்புப் போட்டு நல்லா தேச்சு, வெயில்ல காயவச்சு, மறுபடி சோப்புப் போட்டு... தோல் வெறைச்சிடக்கூடாதுன்னு தினம் எண்ணெய் தடவினேன். சோப்புப் போட்டா போயிடும்னு நீங்கதானே சொல்வீங்க?"

அப்படிச் சொன்னவள் அக்காவேதான். உண்மைதானே. எத்தனை வருஷமாகச் சொல்லியிருக்கிறாள், எத்தனை பேரிடம் சொல்லியிருக்கிறாள்! தோல் பொருளுக்குள் இறங்கிய விஷம் எந்தச் சோப்புக்கும் போகாது, தூக்கி எறியத்தான் வேண்டும் என்பது அவளுக்குத் தெரியும். பண்ணைக்குள் யாரையும் தோல் செருப்போடு விட்டதில்லை. ஆனால் வீட்டுப் பெண்களிடம் அதை ஒருநாளும் சொன்னதில்லை. சட்டைக்கு மேலே காப்புடையும் காப்புடைக்கு மேலே டேங்கும் இருக்க, இடுப்பில் என்ன இருக்கிறது என்று தம்பியிடம் கேட்டதும் இல்லை. அவள் கத்துவாள் என்று எதிர்பார்த்து அந்தப் பெண் கண்ணை இறுக மூடிக்கொண்டு நின்றாள். அக்கா கத்தவில்லை.

டாக்டர் இப்போது பெண்டாட்டி பக்கம் திரும்பினார். "தினம் கையாலயா எண்ணெய் தடவினீங்க?" டார்ச்சை அவள் கண்ணுக்கு நேரே பிடித்தார். கண்மணி இரண்டும் கடுகாகக் கிடந்தன. வேறு சோதனையும் செய்தார்கள். கர்ப்பம் இல்லை. குமட்டலும் கிறுகிறுப்பும் பெல்ட்டிலிருந்து வந்தவை. நாள் தள்ளிப்போனது ஆஸ்பத்திரி அலைச்சலாக இருக்கும் என்றார் டாக்டர், மென்மையாகத்தான் சொன்னார்.

ஆஸ்பத்திரிக் குளியலறையில் அவளை உட்கார வைத்து அக்காவே குளிப்பாட்டினாள். கையுறை போட்டுக்கொண்டு, நகக்கண்ணிலிருந்து முழங்கை வரைக்கும், பிறகு தலையிலிருந்து கால்வரைக்கும். அவள் அழுதாள், வாய்விட்டு அழுதாள். "அப்ப அதுவும் இல்லையா அண்ணி? அவருக்கும் நானே விஷத்தைக் கட்டிவிட்டு, இதுவும் இல்லாம..." அக்கா அவள் விரல்களை ஒவ்வொன்றாகத் தேய்த்துக்கொண்டே இருந்தாள். "நீ சொன்னதைச் செஞ்சவம்மா. சொன்னதுல பாதியை விட்டவ நான்" என்றாள். கழுவி முடித்து, கையுறையைக் கழற்றி, தன் கையையும் கழுவிய பிறகு அந்தப் பெண்ணைக் கட்டிக்கொண்டு அவளும் அழுதாள். அவள் அழுது வீட்டுக்காரரே பார்த்ததில்லை, வெளியே சத்தம் கேட்டு அவர் பயந்துபோனார்.

பெல்ட் இரட்டைப் பையில் கட்டப்பட்டு விஷக்குப்பை வண்டிக்குப் போனது. தம்பி பிழைத்தான், மெதுவாகத்தான், ஆனால் முழுசாக. பிறகு அக்கா மேனேஜரிடம் போய் நின்றாள். மருந்தடிக்கிற ஒவ்வொருத்தர் வீட்டிலிருந்தும் ஒரு ஆள் வந்தாக வேண்டும், வேலை நேரத்தில், சம்பளத்தோடு. அவர் முணுமுணுத்தார். அவள் அவருடைய இடுப்பைப் பார்த்து, "உங்க பெல்ட்டும் தோல்தானே சார்?" என்றாள். அனுமதி கிடைத்தது.

மருந்து அறைக்கு வெளியே, மர நிழலில் அந்த வீட்டுப் பெண்கள் எல்லாம் வந்து உட்கார்ந்தார்கள். அக்கா எழுந்து, தன் குறையை முதலில் சொல்லிவிட்டு, "ஒரு வீட்டுல இப்படி நடந்துச்சு" என்று ஆரம்பித்தாள். யார் வீடு என்று சொல்வதாக இல்லை. எல்லோருக்கும் தெரிந்ததுதான் என்றாலும் அவள் வாயால் வராது.

பின் வரிசையிலிருந்து தம்பி பெண்டாட்டி எழுந்தாள். அதிர்ந்து பேசாத பெண், எல்லோருக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னாள்.

"எங்க வீட்டுலதான். பெல்ட்டை எடுத்து வச்சது நான். வாந்தி வந்துச்சு. குழந்தைன்னு நெனச்சு சந்தோஷப்பட்டேன்."

 அக்கா அவளை உட்காரச் சொல்ல வாயெடுத்து, விட்டுவிட்டாள். முன்வரிசையில் ஒரு அம்மா, "எங்க வீட்டுக்காரரு வேலைக்குக் கேட் வரைக்கும் போட்டுட்டு வர்றது தோல் செருப்புதான். மழைல நனையுதுன்னு கட்டிலுக்கு அடியில வச்சிருக்கேன்" என்றாள். இன்னொருத்தி, "வாட்ச்சுப் பட்டை தோலா இருந்தா?" என்று கேட்டாள். தம்பி பெண்டாட்டி அக்காவைப் பார்க்காமலே, "அதையும் கொண்டுவாங்க" என்றாள்.

மறுநாள் காலை அக்கா சாவியோடு வந்தபோது மருந்து அறை வாசலில் கால் வைக்க இடமில்லை. செருப்பு, ஷூ, பெல்ட், வாட்ச்சுப் பட்டை, ஒரு பழைய மணிபர்ஸ் என்று ஒவ்வொன்றும் ஒரு கவருக்குள் இறுக்கக் கட்டிக் கிடந்தது. ஒரே ஒரு ஜோடி செருப்பு மட்டும் கவர் இல்லாமல் இருந்தது. அதைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தது யார் என்று கண்டுபிடிக்க அவளுக்கு அதிக நேரம் ஆகவில்லை. அந்த ஆள் அன்றைக்கு வேலையில் ஏறுவதற்கு முன்பே ஒருமுறை குளிக்க வேண்டியதாயிற்று.